வெயில் பக்கம்

பூமியின் தென்பாதியில் இருந்த அந்த மலைநாட்டில் ஜூலைதான் கடுங்குளிர்காலம். அந்தக் குளிரில் துணை அமைச்சர் புசெட்சோவின் கால்விரல்கள் மரத்துப்போயிருந்தன. ஆளுங்கட்சி வரிசைக்குப் பின்னால் இருந்த கணப்பு காலையிலேயே உயிரை விட்டிருந்தது. எதிர்க்கட்சிப் பக்கத்திலோ, ஜன்னல் வழியாக வந்த வெயில் ஒரு காலி நாற்காலியில் பூனை மாதிரி சுருண்டு படுத்திருந்தது.

அன்று நம்பிக்கை வாக்கெடுப்பு. நான்கு கட்சிகள் கூடியும் பாதி இடம் தேறாத அரசு. வெளியிலிருந்து முட்டுக்கொடுக்கும் இரண்டு சுயேச்சைகள் தும்மினால் அமைச்சரவைக்கே காய்ச்சல் வரும். அரசு பிழைத்தால்தான் பட்ஜெட் நிறைவேறும். அந்த பட்ஜெட்டில், புசெட்சோ கெஞ்சிக் கூத்தாடி வாங்கிய பாலம் ஒன்று இருந்தது. அவர் தொகுதிப் பிள்ளைகள் மழைக்காலத்தில் ஆற்றைத் தாண்ட முடியாமல், பள்ளிக்கூடத்தை இக்கரையிலிருந்தே பார்த்துக்கொண்டு நிற்பார்கள்.

நிதியமைச்சர் புள்ளிவிவரம் வாசித்தார். வாசிக்க வாசிக்கப் புசெட்சோவுக்குக் கண் சொருகியது.

பாலம் வந்துவிட்டது. புத்தகப் பையோடு பிள்ளைகளும், கம்பளி போர்த்திய குதிரைக்காரர்களும் அதன்மேல் சத்தமில்லாமல் போய்க்கொண்டிருந்தார்கள். அக்கரை முழுக்க மஞ்சள் வெயில். புசெட்சோவும் தம் கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு அவர்களோடு நடந்தார். அக்கரை எவ்வளவு இதமாக இருந்தது.

குலவைச் சத்தம் கேட்டு விழித்தார்.

எதிர்க்கட்சி வரிசையில், அந்த வெயில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எதிர்க்கட்சித் தலைவி மாபாசேக்கா அவர் கையைப் பிடித்துக் குலுக்கிக்கொண்டிருந்தார்.

"வாங்க ந்தாதே" என்று அந்த நாட்டு வழக்கில் 'ஐயா' போட்டார். "உங்களை நாங்க எதிர்பாக்கவே இல்ல."

"அம்மா, நான் சும்மா..."

"சும்மாவா? இந்த நாட்டுல யாரு சும்மா அணி மாறுவா?"

அந்தச் சபையில் எழுந்து நடந்து எதிர் வரிசையில் போய் உட்கார்ந்தால் கட்சி மாறியதாகவே கணக்கு. கையெழுத்துகூட வேண்டாம், நடை போதும்.

பேசிச் சரிசெய்துவிடலாம் என்று புசெட்சோ எழுந்தார். "சபாநாயகர் ஐயா, நான் இங்க வந்தது கதகதப்புக்காக மட்டும்தான். அங்க குளிர் தாங்கல."

"கேட்டீங்களா?" என்றார் தலைவி. "இந்த ஆட்சியில ஏழைக்குக் கதகதப்பு இல்லன்னு அவங்க அமைச்சரே சொல்றாரு."

மேசைகள் அதிர்ந்தன. வானொலி அதைக் கொள்கை முழக்கமாக்கி நாடெங்கும் ஒலிபரப்பியது.

பேச்சு எடுபடவில்லை, நடந்தே சரிசெய்வோம் என்று அவர் தம் பழைய இடத்துக்குக் கிளம்பினார். பாதி வழியில், கடலே இல்லாத அந்த நாட்டின் மீன்வள அமைச்சர் ந்தோபெலே கோப்புகளை அள்ளிக்கொண்டு எதிரே வந்தார்.

"எங்கண்ணே திரும்பி வர்றீங்க? ஆட்சி கவுறுதுன்னுதானே அங்க போனீங்க? அதான் நானும் கிளம்பிட்டேன்."

"நான் எங்கயும் போகல. தூங்கிட்டேன்."

"என்கிட்டயே மறைக்கிறீங்க பாத்தீங்களா" என்று கோபித்துக்கொண்டு அவர் அதே வெயில் நாற்காலியில் போய் உட்கார்ந்தார். மறுபடி குலவை. சுயேச்சைகள் இருவரும் மெல்ல இருக்கையின் நுனிக்கு வந்தார்கள்.

சபாநாயகர் பயந்துபோய்த் தேநீர் இடைவேளை விட்டார். பிரதமர் க்வாயெலே, புசெட்சோவைத் தம் அறைக்கு இழுத்துக்கொண்டு போனார்.

"நானும் ஒருதடவை அணி மாறினவன்தான். ஆனா கொள்கைக்காக மாறினேன். அந்தப் பக்கத்துலேர்ந்து நடந்து வந்த அன்னிக்கு ஊரே பாட்டுக் கட்டிப் பாடுச்சு. அதனாலதான் பிரதமர் ஆனேன். நீங்க எதுக்கு ந்தாதே போனீங்க? என்ன வேணும், முழு அமைச்சர் பதவியா?"

புசெட்சோவுக்கு அழுகை முட்டியது. "எனக்குப் பதவியே வேணாம். பாலத்தை மட்டும் கைவிட்டுடாதீங்க. சத்தியமா வெயிலுக்காகத்தான் போனேன். வெயிலுக்காகவும் மனுஷன் எந்திரிச்சு நடப்பான்னு வானொலியிலயே சொல்லிடறேன். நாடு சிரிச்சா சிரிக்கட்டும்."

பிரதமரின் முகம் மாறியது. எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

"பாலத்துக்கு இப்பவே கையெழுத்துப் போட்டுத் தர்றேன். வெயில்னு மட்டும் வெளிய வாயத் திறக்காதீங்க" என்றவர் குரலைத் தாழ்த்தினார். "நான் இந்தப் பக்கம் வந்தது நல்ல கோடை, ஜனவரி மாசம். அங்க வெயில் தாங்கல."