செருப்பு மாட்டும்போது சொன்னது

பாரிவாக்கம் பொன்மலர் நகர் குடியிருப்போர் நலச் சங்கத்தின் ஆண்டறிக்கை, நான்காம் பக்கத்தில் இப்படிச் சொல்கிறது: "நம் நகருக்குப் புதிதாகக் குடிவரும் அன்பர்களை இன்முகத்துடன் வரவேற்று, அவர்தம் இல்லம் கண்டு உள்ளம் மகிழ்ந்து, நல்வார்த்தை பல கூறி மனம் குளிரச் செய்துவரும் வரவேற்புக் குழுப் பொறுப்பாளர் திரு. கங்காதரன் அவர்களின் தொண்டு பாராட்டுக்குரியது."

இதை எழுதிய செயலாளர் வாடகை வீட்டில் இருக்கிறார். அதனால்தான் அவரால் எழுத முடிந்தது.

சொந்தமாக வீடு கட்டியவர்களைக் கேட்டால் வேறு கதை சொல்வார்கள். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியின் ஸ்டோர்ஸைப் பார்த்துக்கொண்டு ஓய்வுபெற்ற கங்காதரன் ஒரு தனி மனிதர் அல்லர், ஓர் இனம். ஒண்ணே ஒண்ணுக்காரர் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் தெருவிலும் இருக்கிறார். உங்கள் வீட்டுக் கிரகப்பிரவேசத்துக்கும் வந்திருப்பார். பந்தியில் முதல் ஆளாக உட்கார்ந்து, கேசரியை இரண்டாம் முறை கேட்டு வாங்கி, கை கழுவும் சாக்கில் ஒவ்வொரு குழாயாகத் திறந்து மூடி, சுவரைத் தட்டிக் காது வைத்துக் கேட்டு, கதவை ஆட்டி, மாடியேறித் தண்ணீர்த் தொட்டிக்குள் எட்டிப் பார்த்து, பூஜை அறையில் ஒரு கண்ணை மூடிச் சாமியையும் மறு கண்ணைத் திறந்து டைல்ஸ் இணைப்பையும் தரிசித்து, போகிற இடமெல்லாம் "பிரமாதம், பிரமாதம்" என்று பூத்தூவிக்கொண்டே வந்து, தாம்பூலப் பையை வாங்கி, உள்ளே இருக்கும் தேங்காயைக் காதருகே ஆட்டிப் பார்த்து, வாசலுக்கு வந்து, ஒரு காலைச் செருப்பில் நுழைத்து, மறு கால் இன்னும் கிரானைட் படியில் இருக்கும்போது, அந்தக் கணத்தில் வாய் திறப்பார்.

"எல்லாம் சரி. ஒண்ணே ஒண்ணுதான்."

ஏன் அந்தக் கணம்? யோசித்துப் பாருங்கள். ஹாலில் வைத்துச் சொன்னால் நீங்கள் பதில் சொல்வீர்கள். மேஸ்திரியைக் கூப்பிடுவீர்கள். வரைபடத்தை எடுத்து விரிப்பீர்கள். வாசலில் சொன்னால், நீங்கள் "அது வந்து..." என்று ஆரம்பிப்பதற்குள் இரண்டாவது செருப்பும் மாட்டியாகிவிடும். மேல்முறையீட்டுக்கு இடமில்லாத தீர்ப்பு.

குறையும் ஒன்றுதான், ஒருபோதும் இரண்டு இல்லை. இரண்டு சொன்னால் சண்டை. ஒன்று சொன்னால் அக்கறை.

மாங்காட்டில் மைத்துனர் வேம்புலி வீடு கட்டியபோது, "படிக்கட்ட யாரு எண்ணினாங்க?" என்று மட்டும் கேட்டுவிட்டுக் கங்காதரன் பஸ் ஏறிவிட்டார். படிகள் பதினேழு. யார் கணக்கிலும் குற்றமில்லாத எண். ஆனாலும் வேம்புலி மூன்று மாதம் எண்ணிக்கொண்டே ஏறினார், எண்ணிக்கொண்டே இறங்கினார். ஏறும்போது பதினேழும் இறங்கும்போது பதினாறும் வருவதாக இன்றைக்கும் சத்தியம் செய்கிறார். நசரத்பேட்டையில் ஒரு வீட்டில், "ஹால்ல குந்துனா ஃப்ரிட்ஜு தெரியுதே" என்றார். அன்று முதல் அந்தக் குடும்பம் ஹாலில் உட்கார்ந்து ஃப்ரிட்ஜைத்தான் பார்க்கிறது. டிவி சும்மா ஓடிக்கொண்டிருக்கிறது.

இதற்கெல்லாம் கங்காதரனிடம் ஒரு தத்துவம் இருந்தது. இல்லாமல் இருக்குமா? அவர் மனைவி ஜெகதாம்பாள் ஒருநாள், "ஏங்க, ஆசையா ஊடு கட்டினவங்க வயித்தெரிச்சல ஏன் கொட்டிக்கறீங்க?" என்று கேட்டபோது விளக்கினார்.

"இன்னா ஜெகதா இப்டி கேட்டுட்ட? புதுசா கட்ற ஊட்டுக்கு முன்னாடி பூதம் மூஞ்சி வரைஞ்சி பூசணிக்கா ஏன் கட்டறாங்க? கொழந்தைக்கு கன்னத்துல ஏன் மை வெக்கறாங்க? கொறையே இல்லாத பொருளு மேல கண்ணு பட்டுடும். நான் சொல்ற ஒரு வார்த்ததான் அந்த மை. ஓசில வெச்சிகினு கீறேன்."

"மைய கன்னத்துல வெக்கணும். நீங்க கண்ணுக்குள்ள வுட்டு ஆட்டறீங்க" என்றார் ஜெகதாம்பாள்.

இந்த மை போன வருடம் வெற்றிச்செல்வன் வீட்டுக்கு வைக்கப்பட்டது. கங்காதரன் வீட்டிலிருந்து நாலாவது வீடு. வெற்றிச்செல்வன் கார் உதிரிபாகக் கம்பெனியில் ஷிப்ட் பார்க்கிறவன். அவன் மனைவி சுவேதா வங்கியில் வேலை. அந்த வீட்டில் சுவேதாவின் பெருமை, வாஷிங் மெஷினுக்கென்று கட்டிய தனி அறை. வெள்ளை டைல்ஸ், பெரிய ஜன்னல், துணி மடிக்க ஒரு கல் மேடை.

"மெசினுக்கே தனி ரூமா! நம்ம காலத்துல மனுசனுக்கே கெடையாது. பிரமாதம்மா" என்றார் கங்காதரன். வாசலுக்கு வந்தார். ஒரு கால் செருப்பில் போனது.

"ஒண்ணே ஒண்ணுதாம்மா. ஊடு தொடச்ச தண்ணிய எங்க கொட்டுவ?"

"பாத்ரூம்லதான் அங்கிள்."

"சரி சரி. கொட்டு, கொட்டு."

மறுநாள் சுவேதா மாப் பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு அந்த அறையிலிருந்து ஹால் வழியாக பாத்ரூமுக்குப் போனாள். பதினோரு அடி. இதற்குமுன் அவள் எண்ணியதில்லை. ஏழாவது அடியில் தண்ணீர் தளும்பியது. தளும்பியதைத் துடைத்தாள். துடைத்த தண்ணீரைக் கொட்ட மறுபடியும் பதினோரு அடி. எட்டாம் நாள் பிளம்பர் முகமது ஆசிக் உளியும் சுத்தியலுமாக வந்து நின்றார்.

குடிவந்து ஒரு மாதம் ஆகாத வீட்டில் சுவரை உடைத்தால் என்ன ஆகும் என்பது உடைத்தவர்களுக்குத் தெரியும். தூசி ஃப்ரிட்ஜுக்குள் போனது, பீரோவுக்குள் போனது, மூடிவைத்த சாம்பார்ப் பொடிக்குள்ளும் போனது. கழிவுக் குழாயில் தண்ணீர் இறங்கி ஓட வாட்டம் வரவில்லை என்று தரையையும் உடைத்தார்கள். உடைத்த இடத்தில் ஒட்ட அதே டைல்ஸ் கிடைக்கவில்லை. "அந்த பேட்ச்சு முடிஞ்சிபோச்சு மேடம்" என்று கடைக்காரர் கைவிரித்ததால், வெள்ளைக்கு நடுவே இரண்டு பச்சை டைல்ஸ் வந்து உட்கார்ந்தன. கடைசியில் சிங்க்கும் வந்தது. ஆழமான, அழகான சிங்க்.

அழைக்காமலே கங்காதரன் பார்க்க வந்தார்.

"டாப்பும்மா. பாத்தியா, நான் சொல்லாங்காட்டி இது வந்துருக்குமா?" செருப்பு. "ஒண்ணே ஒண்ணு. கொழா தாழ்வா கீதே. பக்கெட்டு நிக்குமா?"

நிற்கவில்லை. பக்கெட்டைச் சாய்த்துத்தான் நுழைக்க முடிந்தது. சாய்த்தால் பாதிதான் நிறைந்தது. சுவேதா சிங்க்கைப் பார்க்கவில்லை, கங்காதரனைப் பார்த்தாள். அந்தப் பார்வையை அவர் கவனித்திருக்க வேண்டும். அவர் பச்சை டைல்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்பேர்ப்பட்டவர், பழைய வீட்டை இடித்துவிட்டு, தானே ஒரு வீடு கட்டினார்.

ஊரார் வீட்டுக் குறைகளையெல்லாம் இருபது வருடமாகச் சேர்த்துவைத்திருந்தவர் வீடு எப்படி இருக்கும்? படிகளை மூன்று பேர் தனித்தனியாக எண்ணிக் கையெழுத்துப் போட்டார்கள். ஹாலில் எந்த மூலையில் உட்கார்ந்தாலும் ஃப்ரிட்ஜ் தெரியாது. அதைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். டைல்ஸில் ஒரு பெட்டி கூடுதலாக வாங்கி மாடியில் பத்திரப்படுத்தினார், பழைய ஸ்டோர்ஸ் புத்தி. ஜெகதாம்பாள் கேட்டது ஒன்றே ஒன்று.

"மெசினு ரூம்ல ஒரு சிங்க்கு வெச்சிடுங்க. துணி ஊற வெக்கணும், மாப்பு அலசணும். முட்டி வலிய வெச்சிகினு பக்கெட்ட தூக்கினு சுத்த முடியல."

"அதுக்கு எதுக்கு தனியா சிங்க்கு? பாத்ரூம் கீதே, அங்க கொட்டு."

வியக்கிறீர்களா? வேண்டாம். குறை சொல்கிறவருக்கும் அந்தக் குறைக்கும் என்ன சம்பந்தம்? கங்காதரன் பிறந்ததிலிருந்து ஒரு மாப் பக்கெட்டைத் தூக்கியதில்லை. சுவேதா வீட்டில் என்ன சொன்னோம் என்பதும் அவருக்கு நினைவில்லை. நினைவில் வைத்துக்கொள்வது கேட்டவர்கள் வேலை.

கிரகப்பிரவேச நாளும் வந்தது. வேம்புலி வந்தார், நசரத்பேட்டைக் குடும்பம் வந்தது, அவரிடம் அடிபட்டவர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் வந்தார்கள். சுவேதா நேரே வாஷிங் மெஷின் அறைக்குப் போனாள். மெஷின் இருந்தது. பக்கத்தில் வெறும் சுவர் இருந்தது.

"ஆன்ட்டி! சிங்க்கு எங்க?"

"உஷ்ஷ்" என்று ஜெகதாம்பாள் அவளை உள்ளே இழுத்தார். "நானும் ஆறு மாசமா கேட்டுப் பாத்துட்டேன். இன்னிக்கு வாசல்ல போயி யாரும் ஒண்ணும் சொல்லாதீங்க. 'நல்லா கீது'ன்னு சொல்லிட்டு செருப்ப மாட்டிகினு போய்க்கினே இருங்க. அவரே கேட்டுகினு வரட்டும்."

செய்தி கேசரியோடு சேர்ந்து பந்தி முழுக்கப் பரிமாறப்பட்டது.

கங்காதரன் வாசலில், செருப்புகள் குவிந்த இடத்துக்குப் பக்கத்தில், கைகூப்பி நின்றார். யார் முகத்தையும் பார்க்கவில்லை, கால்களைத்தான் பார்த்தார். வேம்புலியின் ஒரு கால் செருப்புக்குள் போனது. கங்காதரன் முன்னால் சாய்ந்தார்.

"நல்லா கீது மாமா." இரண்டாவது காலும் போனது. வேம்புலியும் போனார்.

"கொற ஏதாச்சும்...?"

"கொறையா? உங்க ஊட்லயா?"

அடுத்தவர், நல்லா கீது. அதற்கடுத்தவர், ரொம்ப நல்லா கீது. நூற்று முப்பத்தாறு பேர் வந்தார்கள். நூற்று முப்பத்தாறு பேரும் நல்லா கீது. கடைசிச் செருப்பும் தெருமுனையில் மறைந்தபோது கங்காதரனுக்கு வேர்த்துக் கொட்டியது. இத்தனை பேர் கண்ணும் பட்டிருக்கிறது. மை வைக்க ஒருவர்கூட முன்வரவில்லை! அல்லது எதையோ பார்த்துவிட்டு, சொல்லாமல் போயிருக்கிறார்கள். அது எது?

அடுத்த ஒன்பது நாள் அவர் தன் வீட்டையே விருந்தாளிபோலச் சுற்றினார். சுவரைத் தட்டினார். குழாய்களைத் திறந்தார். வாசலுக்குப் போய், ஒரு காலைச் செருப்பில் விட்டுத் திரும்பிப் பார்த்தார், அப்போதாவது ஏதாவது தோன்றாதா என்று. தோன்றவில்லை. பயத்தில் இன்னொரு பூசணிக்காய் கட்டினார். பிறகு மூன்றாவது. அந்த வழியாகப் போன ஓர் அம்மாள் நின்று, "கிலோ எவ்ளோப்பா?" என்று கேட்டார்.

பிளம்பர் ஆசிக்கை வரவழைத்தார். "பாய், உண்மைய சொல்லு. இன்னா கொற?"

ஆசிக் சமையலறை வாசலைப் பார்த்தார். அங்கே ஜெகதாம்பாள் நின்றுகொண்டிருந்தார். "கொறையே கெடையாது அண்ணாத்தே. நான் வேல பாத்ததுலயே இதான் டாப்பு."

கங்காதரன் சோபாவில் சரிந்தார். தினமும் காலையில் அப்படித்தான் அந்தக் குறையைத் தேடித் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். தினமும் அதே நேரத்தில் ஜெகதாம்பாள், அழுக்குத் தண்ணீர் தளும்பும் பக்கெட்டை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு, முட்டியைப் பிடித்துப் பிடித்து நடந்து, ஹாலைக் கடந்து பாத்ரூமுக்குப் போவார்.

"கால தூக்குங்க."

அவர் காலைத் தூக்குவார். குறை அவர் காலடியிலேயே கடந்துபோகும். அவர் காலை இறக்கிக்கொண்டு மறுபடியும் தேடுவார்.

பத்தாம் நாள் தாங்க முடியாமல் சுவேதா வீட்டுக் கதவைத் தட்டினார். "நீ படிச்ச பொண்ணு. கூச்சப்படாம ஒண்ணே ஒண்ணு சொல்லும்மா. உனக்குப் புண்ணியமாப் போவும்."

"பார்த்துட்டுத்தானே அங்கிள் சொல்ல முடியும்" என்று சுவேதா வந்தாள். சுவரைத் தட்டினாள், காது வைத்துக் கேட்டாள். கதவை ஆட்டினாள். "பிரமாதம்" என்றாள். காபி குடித்தாள். "பிரமாதம்" என்றாள். வாசலுக்கு வந்தாள். ஒரு காலைச் செருப்பில் விட்டாள்.

கங்காதரன் மூச்சைப் பிடித்தார்.

"ஒண்ணே ஒண்ணுதான் அங்கிள்."

இருபது வருடமாகத் தான் சொல்லிவந்த அந்த வார்த்தை கேட்பதற்கு இவ்வளவு இனிமையானதா! அவர் கண் கலங்கியது. "சொல்லும்மா, சொல்லு."

"வீடு துடைச்ச தண்ணிய ஆன்ட்டி எங்க கொட்டுவாங்க?"

"பாத்ரூம்ல..."

"சரி சரி. கொட்டட்டும், கொட்டட்டும்." இரண்டாவது செருப்பு. சுவேதா தெருவில் இருந்தாள்.

கங்காதரன் திரும்பினார். ஹால் நடுவே ஜெகதாம்பாள் பக்கெட்டோடு நின்றார். முகத்தில் ஒன்றுமே இல்லை, உதட்டோரம் மட்டும் லேசாகத் துடித்தது. கங்காதரன் போய், வாழ்க்கையில் முதல்முறையாக, அந்தப் பக்கெட்டை வாங்கினார். அது கனத்தது. ஆறாவது அடியில் அவர் வேட்டியெல்லாம் அழுக்குத் தண்ணீர்.

"கெடச்சிடுச்சி!" என்று கத்தினார். "ஜெகதா, கொற கெடச்சிடுச்சி! போன போடு பாய்க்கு! சொவத்த ஒடை!"

உடைத்தார்கள். புது டைல்ஸ் பறந்தது, தூசி ஃப்ரிட்ஜைத் தேடிக் கண்டுபிடித்தது. ஜெகதாம்பாள் தன் பக்கெட்டைக் கொண்டுவந்து நிறுத்தி அளந்து காட்டிய உயரத்தில் ஆசிக் குழாயை வைத்தார். இடுப்பளவு உயரத்தில் சிங்க் வந்தது. ஜெகதாம்பாள் நின்ற இடத்திலேயே பக்கெட்டைக் கவிழ்த்துவிட்டு, போகும் தண்ணீரை முழுசாக நின்று பார்த்தார்.

நீங்களும் இதுவரை நின்று பார்த்துவிட்டீர்கள். சந்தோஷம். இப்போது உதடு லேசாகப் பிரிகிறதே, "எல்லாம் சரி, ஒண்ணே ஒண்ணுதான்" என்று ஏதோ சொல்ல வருகிறீர்களே, சொல்லுங்கள், தடையில்லை. சொல்வதற்குமுன் ஒருமுறை குனிந்து உங்கள் காலை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கங்காதரனுக்குக் காலைப் பார்க்க நேரமில்லை. உடைத்த இடத்தில் ஒட்ட அதே வெள்ளை டைல்ஸ் மாடியில் ஒரு பெட்டி நிறைய இருந்தும், அவர் பூந்தமல்லிக்குப் போய்ப் பச்சை டைல்ஸ் ஒன்றை வாங்கிவந்து, வருகிறவர்கள் கண்ணில் படும்படி சிங்க்குக்கு நேர்மேலே மைப்பொட்டுபோல ஒட்டச் சொல்லிவிட்டு, மூன்று பூசணிக்காயையும் அவிழ்த்தார்.