மூண்டுதரத்தாரும் அப்பாவின் வடையும்

பிள்ளைகளே, கனடா முழுக்கத் தேடினாலும், அடைத்துப்போன குசினிக் குழாயைத் திருத்த முன்னர் மூன்று வழியாக மேலிடத்துக்கு அறிவித்த மனிதர் வேறு ஒருவர் அகப்பட மாட்டார்.

ஸ்காபரோவில் நாங்கள் முன்பு வாடகைக்கு இருந்த மாடிக் கட்டடத்தின் சூப்பர் அவர். குழாய், லிஃப்ட், குப்பை எல்லாவற்றுக்கும் பொறுப்பானவரை இங்கே அப்படித்தான் சொல்வோம். மேற்கு ஆப்பிரிக்காவிலுள்ள சியரா லியோன் அவருடைய நாடு. அப்பா முஸ்லிம், அம்மா கிறிஸ்தவர். இறந்துபோன முன்னோரை நிலத்தில் தண்ணீர் ஊற்றிக் கூப்பிடும் பழைய வழக்கத்தையும் இருவரும் விடவில்லையாம். அங்கே ஒரே வீட்டுக்குள் இதெல்லாம் இருப்பது புதினமே இல்லையாம். மகனும் ஒன்றையும் விடவில்லை. நோன்பு மாதத்தில் நோன்பு, கிறிஸ்மஸுக்குச் சிவப்புத் தொப்பி. அதனால், எதையும் மூன்று தரம் வேண்டுகிறவர் என்று எங்கள் ஆட்கள் வைத்த பெயர் மூண்டுதரத்தார்.

எங்கள் குழாய் அடைத்தபோது வந்தவர், முதலில் கண்ணை மூடிக் கிறிஸ்தவ ஜெபம் சொன்னார். பிறகு இரண்டு கையையும் ஏந்தி முஸ்லிம் பிரார்த்தனை சொன்னார். பிறகு ஒரு தம்ளர் தண்ணீரைப் பல்கனிப் பூச்சட்டியில் ஊற்றி முன்னோரை அழைத்தார். உங்கள் அம்மா என் காதுக்குள் சொன்னா:

"தண்ணி போகேல்லை எண்டு கூப்பிட்டா, உவர் இன்னும் தண்ணியெல்லோ ஊத்திறார்."

ஐந்து நிமிடத்தில் குழாய் திறந்தது. லிஃப்டுக்கும் அதே கதை. அரிசி மூட்டையைத் தோளில் வைத்துக்கொண்டு மூன்று பிரார்த்தனையும் முடியும்வரை காத்து நின்ற எங்கள் மாடிச் சிவா அண்ணை, இதைத் திருத்தியது எந்தக் கடவுள் என்று கொஞ்சம் சூடாகக் கேட்டார். சூப்பர் ஆங்கிலத்தில் சொன்னதை எங்கள் தமிழில் எழுதுகிறேன்.

"திருத்தினது நான். அவையளுக்கு ஒரு மரியாதைக்குச் சொன்னனான்."

கடவுள் விஷயத்தில் இவ்வளவு தாராளமான மனிதர், பறவை விஷயத்தில் கல். பல்கனியில் புறாவுக்கு ஒரு பாண் துண்டு போட்டாலும் கதவைத் தட்டுவார். முதலில் எச்சரிக்கைக் கடிதம், மறுபடி பிடிபட்டால் வீட்டை விட்டே எழுப்பிவிடுவார்கள் என்று லிஃப்டில் அறிவித்தல் ஒட்டியிருந்தார்.

அந்த நேரத்தில்தான் என் அப்பாவின் ஆண்டுத்திவசம் வந்தது. என் அகதி வழக்கு முடியாததால் செத்த வீட்டுக்கு என்னால் யாழ்ப்பாணம் போக முடியவில்லை. இதையாவது ஒழுங்காகச் செய்யவேண்டும் என்று நினைத்தேன். ஊரிலிருந்து என் அம்மா போனில் ஒரே ஒரு வசனம்தான் சொன்னா.

"காகம் சாப்பிட்டோடனை போன் எடு, அதுவரைக்கும் நான் வாயிலை ஒண்டும் வையன்."

சோறு, பருப்பு, கத்தரிக்காய், வடை எல்லாவற்றையும் வாழையிலையில் வைத்துப் பல்கனியில் நின்று "கா, கா" என்று மெதுவாகக் கூப்பிட்டேன். காகம் வரவில்லை. மூண்டுதரத்தார் வந்தார்.

இலையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் தெரிந்த ஆங்கிலத்தில் அப்பாவையும், காகத்தையும், பசியோடு இருக்கும் அம்மாவையும் சொல்லி முடித்தேன். அவர் தொப்பியைக் கழற்றினார்.

"சட்டம் சட்டம்தான். பல்கனியிலை ஏலாது. இலையைத் தூக்கிக்கொண்டு கீழை வா."

கட்டடத்துக்குப் பின்னால், வேலிக்கு அப்பால், பெரிய மின்கம்பிகள் போகும் புல்வெளி இருக்கிறது. வேலியைத் தாண்டி இரண்டு அடி வைத்து நின்றார். "இது என்ரை கட்டடமில்லை," என்றார். அப்பாவின் பெயரைக் கேட்டார். ஆறுமுகம் என்றேன். மூன்று பிரார்த்தனையிலும் அந்தப் பெயரைச் சொன்னார், மூன்றிலும் வேறு வேறு விதமாகப் பிழையாக.

தண்ணீர் ஊற்றி முடியவில்லை, ஒரு வெள்ளைப் பறவை இறங்கியது. பிளாசாக் கார்த் தரிப்பிடங்களில் உருளைக்கிழங்குப் பொரியலுக்குச் சண்டை பிடிக்குமே, அந்தக் கடற்பறவை. நேரே வடையைத்தான் தூக்கியது. அப்பாவும் எப்போதும் வடையில்தான் தொடங்குவார். ஆனாலும் எனக்கு முகம் வாடிவிட்டது. இது காகம் இல்லையே என்றேன்.

"எங்கடை ஊரிலை உப்பிடி வைச்சா கழுகு வரவேணும்," என்றார். "இங்கை பத்து வருசமா உதுதான் வருது. என்ரை அம்மா ஒருநாளும் குறை சொல்லேல்லை."

அப்போதுதான் பார்த்தேன். அந்த இடத்தில் மட்டும் புல் தேய்ந்திருந்தது.

அம்மாவுக்குப் பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. வந்தது காகம் இல்லை, வெள்ளையாய் ஒரு பறவை என்று சொன்னேன்.

"அவர் வெளியிலை போறதெண்டா வெள்ளை வேட்டிதானே கட்டுறவர்," என்றா அம்மா. "சரி, நான் சாப்பிடப்போறன்."

மறுநாள் காலையில் கதவுக்குக் கீழே ஒரு கடிதம் கிடந்தது. பல்கனியில் பறவைக்கு உணவு வைத்ததற்கு முதலாவது எச்சரிக்கை. மூண்டுதரத்தாரின் கையெழுத்து.

இப்போது மில்லிக்கனில் சொந்த வீட்டில் எங்களுக்கென்று ஒரு பின்வளவு இருக்கிறது. ஆனாலும் அப்பாவின் திவசத்துக்கு இலையைக் காரில் வைத்து அந்த வேலியடிக்குத்தான் போகிறேன். ஏனென்று நீங்கள் கேட்டபடியால்தான் இதை எழுதுகிறேன். போன பனிக்காலத்தில் மூண்டுதரத்தார் இறந்துபோனார். அவருடைய சொந்தப் பெயரை அன்றுதான் சிவா அண்ணையிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். இந்த வருடம் இரண்டு இலை வைத்து, தண்ணீர் ஊற்றி, அந்தப் பெயரை மூன்று தரம் சொன்னேன். மூன்று தரமும் பிழையாகத்தான் சொல்லியிருப்பேன். வடை உடனே போய்விட்டது.