முள்ளம்பன்றி அண்ணன் நிறுவிக் கொடுத்த மென்பொருள்

ஒரு காட்டில், எந்தக் காடு என்று கேட்டால் கதை நகராது, தங்கப்பழம் என்றொரு தூக்கணாங்குருவி இருந்தான். கூடு பின்னுவதில் கெட்டிக்காரன். அந்த வருஷம் பார்த்துக் காட்டில் புதுச் சட்டம் போட்டுத் தொலைத்தார்கள். கூடு கட்டுமுன் அதன் படத்தைக் கணினியில் வரைந்து, கூடு அனுமதி அலுவலகத்தில் வெள்ளிக்கிழமை நாலு மணிக்குள் கொடுக்க வேண்டும். கொடுக்காதவருக்கு இந்தப் பருவத்தில் மரம் கிடையாது.

இசக்கியம்மாள் என்ற பெண் குருவி, சனிக்கிழமை வந்து அனுமதிச் சீட்டைப் பார்ப்பதாகச் சொல்லியிருந்தாள். சீட்டு இருந்தால் கல்யாணம். இல்லாவிட்டால் கீழக்காட்டு ரத்தினபாண்டி இருக்கவே இருக்கிறான். தங்கப்பழத்துக்கு அவள்மேல் கொள்ளை ஆசை.

அவனிடம் சித்தப்பா கொடுத்த பழைய மடிக்கணினி ஒன்று இருந்தது. அதில் ஓடியது யூனிக்ஸ் என்ற இயங்குதளம். யூனிக்ஸ் ரொம்ப நல்ல பிள்ளை. சொன்னதைச் செய்யும். ‘நிஜமாத்தான் சொல்றியா’ என்று ஒரு வார்த்தை கேட்காது. அதுதான் அதிலுள்ள தொல்லை.

படம் வரையும் மென்பொருளை அதில் எப்படி ஏற்றுவது என்று தங்கப்பழத்துக்குத் தெரியவில்லை. காட்டு யூனிக்ஸ் சங்கத்தின் இணையப் பலகையில் கேள்வி போட்டான். செவ்வாய்க்கிழமை காலையில் சங்கத்தின் மூத்த உறுப்பினர் வைத்திலிங்கம், ஒரு முள்ளம்பன்றி, நேரிலேயே வந்துவிட்டார். பைசா வாங்கமாட்டார். தங்கமான மனசு. யாரும் பக்கத்தில் உட்கார முடியாது, அவ்வளவுதான்.

“நகரு தம்பி” என்று கணினியை இழுத்துக்கொண்டார். திரையில் பூப்படமும் சின்னச் சின்னப் பொம்மைகளும் இருந்தன. முகம் சுளித்தார்.

“என்னப்பா இது, கல்யாண வீடு மாதிரி? இதெல்லாம் வீண் பாரம்.”

ஒரு வரி தட்டினார். பூ போயிற்று, பொம்மை போயிற்று, மவுஸ் அம்பும் போயிற்று. கறுப்புத் திரையில் ஒரு கோடு மட்டும் மினுக்கிக்கொண்டிருந்தது.

“இப்பத்தான் மெஷின் மூச்சு விடுது” என்றார்.

பெரியவரை எப்படிக் கேட்பது என்று தங்கப்பழம் அவருக்கு ஒரு நாவல்பழத்தை நீட்டினான்.

மென்பொருளை ஏற்ற வேண்டுமானால் அதற்கு முன்னால் ஒரு துணைநிரல் வேண்டுமாம். அந்தத் துணைநிரலுக்கு இன்னும் மூன்று வேண்டுமாம். அந்த மூன்றில் ஒன்று, புதுசாக இருந்தால் வேலை செய்யாதாம், பழசுதான் வேண்டுமாம். புதன்கிழமை அதிலேயே போயிற்று.

வியாழக்கிழமை சங்கத்துக் கீரி வந்தது. “நீங்க செய்ற முறையே தப்பு அண்ணாச்சி” என்று ஆரம்பித்தது. மென்பொருளை மூலநிரலிலிருந்து சமைத்து எடுப்பதா, பொட்டலமாக வாங்கிப் போடுவதா என்று இருவரும் மத்தியானம்வரை சண்டை போட்டார்கள். நடுவில் தங்கப்பழம் மெதுவாக, “ஒரே ஒரு பட்டனை அமுக்கினா தானா வந்திரும்னு சொல்றாங்களே அண்ணே” என்றான். சைவப் பந்தியில் மீன் கேட்டவனைப் பார்ப்பதுபோல் இருவரும் அவனைப் பார்த்தார்கள். அந்த ஒரு விஷயத்தில் அவர்களுக்குள் ஒற்றுமை வந்தது.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு, ‘பிழை ஏதுமின்றி நிறுவப்பட்டது’ என்று திரையில் வந்தது. வைத்திலிங்கத்துக்குக் கண் கலங்கிவிட்டது. மென்பொருளின் பெயரைத் தட்டினார். ‘படம் காட்டுவதற்குத் திரை இல்லை’ என்றது கணினி.

“அண்ணே, படம் வரைய திரை வேணும்ல?”

“ஆமா, வேணும்.”

“அது எங்கண்ணே?”

“அந்தப் பூப்படத் திரையைத்தான் நாம செவ்வாய்க்கிழமையே எடுத்தாச்சே.”

நாம் என்றார், கவனித்தீர்களா? அதுதான் பெரிய மனுஷத்தனம்.

“அப்ப நான் இப்ப எப்படி வரையிறது?”

“தம்பி, நீ கேட்டது நிறுவித் தரச்சொல்லி. நிறுவியாச்சு. திறக்கிறது வேற கேள்வி. சங்க விதிப்படி அதைத் தனியா பலகையில போடணும்” என்று சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

தங்கப்பழம் ஓர் ஓலைத் துண்டில் அலகால் கீறிப் படம் வரைந்து, அதைத் தூக்கிக்கொண்டு பறந்தான். அலுவலகத்தில் குமாஸ்தா ஓணான் படத்தைப் பார்த்துத் தலையாட்டியது. ஓணான் எதற்கும் தலையாட்டும். “அருமையான படம். கணினிக் கோப்பு எங்கே?” என்றது. மணி நாலடித்தது.

சனிக்கிழமை இசக்கியம்மாள் வந்தாள். “சீட்டு?” என்றாள்.

“மென்பொருள் ஏத்தியாச்சு. திறக்கத்தான் முடியலை.”

அவள் கறுப்புத் திரையை ஒருமுறை எட்டிப் பார்த்தாள். பிறகு, “நல்லா இருங்க” என்று சொல்லிவிட்டுக் கீழக்காட்டுப் பக்கம் பறந்துபோனாள். தங்கப்பழம் விக்கி விக்கி அழுதான்.

அழுதுகொண்டிருக்கும்போதே வைத்திலிங்கம் வந்து நின்றார். “மனசு சரியில்லையோ? ஒண்ணுமில்ல, பலகையில உன் கேள்விக்கு நேரா ‘தீர்ந்தது’ன்னு ஒரு வார்த்தை போட்டிரு. என் பேர்ல தொண்ணூத்தொன்பது தீர்ந்திருக்கு. நூறு ஆயிட்டா நாளைக்குச் சங்கத்துல பொன்னாடை போடுறாங்க.”

தங்கப்பழம் அவரை ஏற இறங்கப் பார்த்தான். அடுத்த பருவத்திலும் படம் கேட்பார்கள். புதுசாகக் கற்றுக்கொள்பவனின் மரத்தடிக்கு, கூப்பிட்டதும் வர, இந்தக் காட்டில் வேறு நாதி இல்லை.

‘தீர்ந்தது’ என்று தட்டினான்.

மறுநாள் விழாவில் வாழ்த்துரையும் அவனே வழங்கினான்.

நீதி: உன் காரியம் கெட்டாலும் உதவியவர் மனம் கோணக் கூடாது, அடுத்த காரியத்தைக் கெடுக்கவும் அவர்தான் வர வேண்டும்.