லண்டன் படத்தில் நான் ஓடிய ஓட்டம்

சினிமாவில் நடித்திருக்கிறேன் என்று சொல்லித் திரிவதைப்போல ஆபத்தில்லாத பொழுதுபோக்கு வேறில்லை, அந்தப் படம் வெளிவராதவரை.

மச்சானின் கலியாணத்துக்கு லண்டன் போயிருந்தேன். மச்சானின் நண்பன், ஒரு வெள்ளைக்காரப் பெடியன், படம் எடுத்துக்கொண்டிருந்தான். அடுக்குமாடிகளில் போதைமருந்து விற்கும் கோஷ்டிகள் ஒன்றையொன்று சுட்டுச் சாய்க்கும் கதை. பட்ஜெட் எவ்வளவு சிறியது என்றால், இரண்டு கோஷ்டிக்கும் சேர்த்து ஒரே துப்பாக்கிதான். (சுட்டவர் சுட்டுவிட்டுச் செத்தவரிடம் கொடுக்க வேண்டும்.) வில்லனின் மெய்க்காப்பாளனாக நடிக்க வேண்டியவன் வராததால், என் தோள் அகலத்தைப் பார்த்து என்னைக் கூப்பிட்டார்கள். (அது தோள் அல்ல. குளிருக்குப் போட்ட மூன்று ஸ்வெட்டர்.)

சிட்னிக்குத் திரும்பியதும் ஆளே மாறிப்போனேன். ஹரிஸ் பார்க் கடைத்தெருவில் ஜிலேபிக்கு வரிசையில் நிற்கும்போதுகூடக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றேன். "மெயின் வில்லனுக்கு அடுத்தது நான்தான்" என்று எல்லோரிடமும் சொன்னேன். நம் சனத்துக்கு வெள்ளைக்காரன் எடுத்த படம் என்றால் போதும், மேற்கொண்டு கேள்வி கிடையாது. எங்கள் பங்குக் கோயிலில் பெரிய வெள்ளிக்குப் போடும் திருப்பாடுகள் நாடகத்தில், இயேசுவுக்குத் தீர்ப்புச் சொல்லும் ஆளுநர் பிலாத்து வேடம் எனக்குத்தான் என்று ஃபாதரே ஏறத்தாழ வாக்குக் கொடுத்துவிட்டார். பட்டு அங்கி, சிம்மாசனம், கை கழுவும் காட்சி! வருடக்கணக்காக நான் ஏங்கிய வேடம். (அதுவரை திரை இழுத்துக்கொண்டிருந்தேன்.)

பிறகு படம் இணையத்தில் வந்தது. என் மனைவி ரெஜினா, என்னைக் கேளாமலே ஃபாதரையும், மன்னாரிலிருந்தே எங்கள் குடும்பத்துக்குப் பழக்கமான பிலோமினா அன்ரியையும் ஞாயிறு மத்தியானம் லிட்கமில் உள்ள எங்கள் வீட்டுக்கு அழைத்துவிட்டாள். ரோல்ஸ் பொரித்து வைத்து டிவியைப் போட்டோம்.

முதல் வசனத்தில் 'நீ' என்ற சொல்லைத் தவிர மற்றதெல்லாம் தூஷணம். ஃபாதர் கையிலிருந்த ரோல்ஸை ஆராயத் தொடங்கினார். அன்ரிக்கு அந்த லண்டன் ஆங்கிலம் பிடிபடவில்லை.

"என்ன தம்பி சொல்லுறான்?"

"தாயைச் சுகம் கேக்கிறான், அன்ரி."

"நல்ல பிள்ளை. திரும்பத் திரும்பக் கேக்கிறானே!"

"டாட், தட்ஸ் சோ நாட் வாட் ஹி செட்!" என்றாள் என் மகள்.

அடுத்து என் காட்சி. வில்லனுக்குப் பின்னால் கைகட்டி நிற்க வேண்டும், அவ்வளவுதான் எனக்குச் சொல்லப்பட்டது. ஆனால் படப்பிடிப்பின்போது எதிர்க் கோஷ்டியின் நாய் சங்கிலியை உருவிக்கொண்டு என்னை நோக்கிப் பாய்ந்தது. நாய் நடிக்கவில்லை. நானும் நடிக்கவில்லை. அதை வெட்டிவிடுவதாக டைரக்டர் சத்தியம் செய்திருந்தான். பாவி, வெட்டவில்லை. வேகத்தைக் குறைத்து, சோக இசையும் சேர்த்திருந்தான்.

மெய்க்காப்பாளனாகிய நான் வில்லனைப் பிடித்து நாய்க்கு முன்னால் தள்ளிவிட்டு, "ஐயோ, மடு மாதாவே!" என்று அலறிக்கொண்டு குப்பைத் தொட்டிக்குள் பாய்ந்தேன். திரையின் அடியில், 'புரியாத மொழியில் கத்துகிறான்' என்று ஆங்கிலத்தில் எழுத்து ஓடியது.

அந்தப் படத்தில் அன்ரிக்கு விளங்கிய ஒரே வசனம் அதுதான். எங்கள் மன்னார்ப் பக்கத்து மாதாவின் பெயரைக் கேட்டதும் பயபக்தியோடு சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டார். ஃபாதர் இருமினார். அது இருமல் இல்லை என்பது தோள் குலுங்கியதில் தெரிந்தது.

"மெயின் வில்லனுக்கு அடுத்தது எண்டு சொன்னீங்கள்?" என்றாள் ரெஜினா.

"அடுத்ததாத்தான் நிண்டனான். நாய் வருமட்டும்."

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் ஃபாதர் என்னைக் கூப்பிட்டார்.

"உமக்கு ஒரு வேடம் இருக்கு."

"பிலாத்து தானே, ஃபாதர்?"

"இல்லை. கெத்சமனித் தோட்டத்தில சீடர்மார் ஆண்டவரை விட்டிட்டு ஓடுவினம். முன்னுக்கு ஓட ஒராள் வேணும். நீர் ஓடேக்க நடிக்கிற மாதிரியே இல்லை."

பிலாத்து வேடம் ஒரு பல் வைத்தியருக்குப் போனது. (கை கழுவுவது அவருக்குப் பழக்கம்தானாம்.)

அன்றிலிருந்து ஒவ்வொரு வருடமும் ஓடுகிறேன். போன பெரிய வெள்ளியும் அப்படித்தான். படைவீரர் தீவட்டிகளோடு வர, சனமெல்லாம் கண்கலங்கி இருக்க, நான் அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பாய்ந்தேன். முன்வரிசையிலிருந்து பிலோமினா அன்ரியின் குரல் மண்டபம் முழுக்கக் கேட்டது:

"தம்பி, இதில நாய் இல்லை! மெல்ல ஓடு!"