காயத்தின் கீழ்ப் பாதி

மதிப்பிற்குரிய அக்காவுக்கு,

தம்பி வணக்கத்துடன் எழுதுவது. இங்கு அனைவரும் நலம், என் வலது கால் காயத்தின் மேல் பாதி உட்பட. அங்கு உங்கள் நலமும் அத்தான் நலமும் அறிய ஆவல். கீழ்ப் பாதியைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

மூன்று வாரத்துக்கு முன் என் கடை ஷட்டரின் கொக்கி காலை ஒரு சாண் நீளத்துக்குக் கிழித்துவிட்டது. எங்கள் வீட்டில் தங்கி ஆராய்ச்சி செய்யும் உங்கள் மகள் ரத்தத்தைப் பார்த்துப் பதறுவாள் என்று நினைத்தேன். அவளோ, "எவ்வளவு நேரா கிழிச்சிருக்கு மாமா! அசையாதீங்க!" என்று பூரித்துப்போய், கழுவித் துடைத்து, காயத்தின் நடுவே நீலப் பேனாவால் எல்லைக்கோடு போட்டாள். ஒரு பாதிக்கு வெட்டுக்காயப் பூண்டுச் செடியின் இலைச்சாறு கலந்த களிம்பு, மறு பாதிக்கு வெறும் களிம்பு. இரண்டு டப்பாவும் ஒரே நிறம். எதில் சாறு என்று கேட்டால், "எனக்கே தெரியாது மாமா. குறிப்பு பேராசிரியர்கிட்ட ஒட்டின உறையில இருக்கு" என்கிறாள். மருந்து போடுகிறவளுக்கே எது மருந்து என்று தெரியக் கூடாதாம், அதற்குப் பெயர் அறிவியலாம். பன்னிரண்டாம் நாள் மேல் பாதி மூடிக்கொண்டது. கீழ்ப் பாதி இன்னும் வாயைப் பிளந்துகொண்டிருக்கிறது. சாறு எந்தப் பக்கம் போகிறது என்று பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். ஒரே காலில் இப்படியோர் ஓரவஞ்சனையா? "மேல போடுறதைக் கீழயும் கொஞ்சம் தடவேன்மா" என்று கெஞ்சினேன். "ஐயோ, ஆராய்ச்சியே கெட்டுடும்!" என்றாள். என் மனைவியோ, "பொண்ணு மூணு வருஷமா உழைக்கிறா. பாதி ஆறிடுச்சுல்ல, மீதிக்கு என்ன அவசரம்?" என்கிறாள். பேராசிரியர் நேரில் வந்து என் காலைக் கால் மணி நேரம் ரசித்தார், முகத்தை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. கடைக்குப் பேனா வாங்க வருகிறவர்கள்கூட, "மேல எப்படி? கீழ எப்படி?" என்று தனித்தனியாக விசாரிக்கிறார்கள்.

பெற்றவள் என்ற முறையில் நீங்கள் அவளை அதட்டி, மேல் டப்பாவைக் கீழ்ப் பாதிக்கும் திறக்கச் சொல்லுங்கள். அத்தானுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசிகள்.

இப்படிக்கு,
பாதி குணமான தம்பி

பி.கு.: இதைத் தபாலில் சேர்ப்பதற்குள் பேராசிரியர் உறையைப் பிரித்துவிட்டார். மேல் பாதிக்குப் போட்டது வெறும் களிம்பு. சாறு முழுவதும் கீழ்ப் பாதிக்குத்தான் போயிருக்கிறது. அதட்ட வேண்டாம் அக்கா. பிள்ளை சாப்பிடாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். "கீழ காலையிலேருந்து ஒரே அரிப்பும்மா, ஆறப்போகுது போல" என்றேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு நோட்டை எடுக்க ஓடினாள். அரிப்பு ஒன்றும் இல்லை. போனில் பேசும்போது உளறிவிடாதீர்கள்.