சலவைக்காரர் சீட்டியடித்தாரா?

தொலைக்காட்சியில் ‘இது உண்மைச் சம்பவத்தை அடிப்படையாகக் கொண்டது’ என்ற வரி வந்ததும் அவர் ஒலியைக் கூட்டுவார். நிமிர்ந்து உட்காருவார். அடுத்து, அதைவிடப் பொடி எழுத்தில், ‘சில பாத்திரங்களும் காட்சிகளும் நாடகத் தேவைக்காகச் சேர்க்கப்பட்டவை’ என்று வரும். சரியாக அப்போது மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, பனியன் நுனியில் ஒரு பக்கத்தை, பிறகு மறுபக்கத்தை, வாயால் ஊதி ஊதித் துடைத்து, விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்து, மறுபடி மாட்டிக்கொள்வார். மாட்டி முடிக்கையில் திரையில் பிணம் கிடக்கும்.

இந்த இனத்துக்கு ‘உண்மைச் சம்பவக்காரர்’ என்று பெயர் வைத்திருக்கிறேன். வீட்டுக்கு ஒருவர் நிச்சயம். உங்கள் வீட்டில் இல்லையா? அவசரப்பட்டுப் பதில் சொல்லாதீர்கள்.

உண்மைச் சம்பவக்காரர் மாமியார் மருமகள் தொடர்களைப் பார்க்கமாட்டார், அதெல்லாம் கட்டுக்கதையாம். எதிர்வீட்டுக்காரர் ஒரு கம்பளத்தைச் சுருட்டிக் காரில் ஏற்றினால் அதன் நீளத்தைக் கண்ணாலேயே அளப்பார், மருமகள் இரண்டு நாள் போனை எடுக்காவிட்டால் மகனின் குரலில் நடுக்கம் இருக்கிறதா என்று காதைத் தீட்டிக்கொள்வார், செய்தித்தாளில் எங்கோ ஒரு பெண் காணாமல் போயிருந்தால் டீ ஆறுவதற்குள் தீர்ப்பே வழங்கிவிடுவார்.

“புருஷன்தான்.”

அந்தப் பெண்ணுக்குக் கல்யாணமே ஆகவில்லை என்று எடுத்துச் சொன்னால்?

“அப்ப, கட்டிக்கப் போறவன்.”

எங்கள் வீட்டில் இந்த இனம் என் பெரியப்பா. பள்ளிக்கூடத்தில் புவியியல் நடத்தி ஓய்வு பெற்றவர். போன வருடம் ஒரு தொடரில் லாரி ஓட்டும் கொலைகாரன் சீட்டியடித்துக்கொண்டே கை கழுவினான். பெரியப்பா குளியலறையில் ஒரு வாரம் அதே மெட்டில் சீட்டியடித்தார். வாளியோடு காத்திருந்தது நாங்கள்.

வீட்டுக்குக் கீழே அவர் வாடகைக்கு விட்ட இரண்டு கடைகள். ஒன்று சலவைக்கடை. மற்றதில் முன்பு போட்டோ ஸ்டுடியோ இருந்தது. பல வருடங்களுக்கு முன் ஸ்டுடியோக்காரரை அவருடைய கூட்டாளியே குத்திக் கொன்றார். பிடிபட்டார், ஒப்புக்கொண்டார், இன்னும் உள்ளேதான் இருக்கிறார். மர்மம் என்று சொல்ல அதில் ஒன்றுமில்லை. தொடர் எடுப்பவர்களுக்கு அதுவே பெரிய தொல்லையாகப் போயிருக்க வேண்டும்.

ஆமாம், அந்தக் கொலையையும் தொடராக எடுத்துவிட்டார்கள். கடைசிக் காட்சி: கூட்டாளி சிறைக்குப் போகிறார், பக்கத்துச் சலவைக்கடையில் ஒருவர் வெள்ளைச் சட்டையை வாளியில் முக்குகிறார், தண்ணீர் சிவக்கிறது, அவர் சீட்டியடிக்கிறார். திரை இருள்கிறது.

பெரியப்பா எழுந்து நின்றுவிட்டார். “நான் அன்னிக்கே சொன்னேன்.”

“யார்கிட்ட?” என்றார் பெரியம்மா, கத்தரிக்காய் நறுக்கியபடி.

“அந்தச் சீட்டிய நான் என் காதால கேட்டிருக்கேன். மாடியில நின்னு கேட்டேன்.”

“அன்னிக்கு நாம ஊர்லயே இல்ல. உங்க தங்கச்சி வீட்டுல இருந்தோம். சேதியே போன்லதான் வந்துச்சு.”

“ஊர்ல இல்லாட்டி என்ன? கேட்டது கேட்டதுதான்.”

மறுநாளே, மாதக் கடைசிக்குள் கடையைக் காலி செய்யும்படி சலவைக்காரருக்குச் சொல்லி அனுப்பினார். அந்த மனிதருக்கு அந்தக் கடையை விட்டால் வேறு பிழைப்பில்லை. தேய்த்த சட்டைகளை மடிப்புக் கலையாமல் கையில் ஏந்திக்கொண்டு மாடியேறி வந்தார். நான் உள்ளறைக் கதவோரம் நின்றிருந்தேன்.

தொடர்களில் அதிகாரி வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்தால் குற்றவாளி தாங்கமாட்டாமல் உளறிவிடுவான். பெரியப்பா வாயைத் திறக்காமல் உட்கார்ந்தார். பெரியவர் முதலில் பேசட்டும் என்று சலவைக்காரரும் மரியாதையாகச் சும்மா இருந்தார். மின்விசிறி மட்டும் உளறிக்கொண்டிருந்தது.

“டீ ஆறுது, குடிங்க” என்றார் பெரியம்மா. விசாரணை கலைந்தது.

“ஐயா, நான் என்னங்க தப்பு பண்ணேன்? அந்தக் கூட்டாளி ஓடினதப் பார்த்துப் போலீஸ்ல சாட்சி சொன்னதே நான்தாங்க.”

“அதேதான். சாட்சி சொல்றவன்தான் கடைசியில மாட்டுவான். எத்தனை பார்த்திருக்கேன்.” பெரியப்பா முன்னால் சாய்ந்தார். “உங்களுக்குச் சீட்டியடிக்க வருமா?”

“பல்லு கட்டுறதுக்கு முன்னாடியும் வராது, இப்பவும் வராதுங்க.”

“அடிங்க பார்ப்போம்.”

அவர் உதட்டைக் குவித்து ஊதினார். காற்று வந்தது. மறுபடி ஊதினார், கண் கலங்கும்வரை. டீயில் அலை எழுந்ததுதான் மிச்சம். அவர் படியிறங்கிப் போனதும் பெரியப்பா குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: “என்னமா மறைக்கிறான் பார்த்தியா.”

தெருக்காரர்கள் யாரும் சலவைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை, அவ்வளவு நல்லவர்கள். வெள்ளைச் சட்டைகளை மட்டும் வேறு கடையில் போட்டார்கள். மாதக் கடைசியில் அவர் இஸ்திரிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அடுத்த தெருவில் ஒரு மாடிப்படிக்கு அடியில் போய் உட்கார்ந்தார். அங்கே குழாய் கிடையாது. துவைக்கும் வேலை போயிற்று, தேய்ப்பு மட்டும்.

நீங்கள் அப்படிப்பட்டவரில்லை, தெரியும். ஆனால் வாளித் தண்ணீர் சிவந்தது என்று நான் எழுதியபோது, அது வெறும் தொடர்க் காட்சி என்று தெரிந்தும், அந்த மனிதர்மேல் உங்களுக்கு ஒரு துளி சந்தேகம் வந்ததா இல்லையா? வந்திருந்தால், வாருங்கள், சோபாவில் பெரியப்பாவுக்குப் பக்கத்தில் இடம் இருக்கிறது. பனியனோடு வரவும்.

ஒரு விஷயம் மட்டும் பிறகுதான் தெரியவந்தது. கடை காலியாகிப் பல நாள் கழித்து ஓர் இளைஞர் வீட்டுக்கு வந்தார். அந்தத் தொடருக்குக் கதை எழுதியவராம்.

“என்னை ஞாபகம் இருக்கா சார்? போன வருஷம் அந்தக் கேஸ் பத்திக் கேட்க வந்தேனே. கதையில ஒரு திருப்பமும் இல்லாம முழிச்சிட்டிருந்தேன். சலவைக்காரர் சீட்டியடிச்சிட்டே சட்டை அலசினார்னு நீங்கதான் சொன்னீங்க. அந்தக் காட்சிக்குத்தான் ஏகப்பட்ட பாராட்டு. நிஜத்துல அவர் எப்படி இருப்பார்னு ஒரு தடவை பார்த்துட்டுப் போகலாம்னு வந்தேன்.”

“அடுத்த தெரு, மாடிப்படிக்குக் கீழ” என்றார் பெரியம்மா. “ஒரு சீட்டியடிக்கச் சொல்லிக் கேட்டுட்டு வாங்க தம்பி.”

பெரியப்பா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்திருந்தார்.