பாலக்காட்டுக் கணியும் மட்டாஞ்சேரிக் கண்களும்

மட்டாஞ்சேரி,
விஷு, மத்தியானம்

மதிப்பிற்குரிய அத்திம்பேருக்கு, வெங்கிட்டு அநேக நமஸ்காரம். இவ்விடம் க்ஷேமம். அங்கும் க்ஷேமம்தான் என்பது குடும்பக் குரூப்பில் நீங்கள் நாள் தவறாமல் போடும் போட்டோக்களிலிருந்து தெரிகிறது. வேண்டிய அளவுக்கு மேலேயே தெரிகிறது.

புனாவிலிருந்து மகன் கோவிந்தும் மருமகள் ஸாதனாவும் பேத்தி ஸ்நேஹாவும் இரண்டு வருஷத்துக்குப் பிறகு நேற்று ராத்திரிதான் வந்திருக்கிறார்கள். இன்று ராத்திரி ரயில். எனக்குக் கிடைத்தது இந்த ஒரு பகல்தான். நேற்றே பஜாரெல்லாம் அலைந்து, கொன்றைப்பூவுக்காக ஒரு பூக்கடைச் சேட்டனோடு மல்லுக்கட்டி, வெண்கல உருளியில் வெள்ளரிக்காயும் மாங்காயும் அடுக்கி, இன்று விடிவதற்குள் குளித்து விளக்கேற்றி, பேத்தியின் கண்ணைப் பொத்திக் கூட்டிவந்து, விஷுவன்று கண் விழித்ததும் முதலில் பார்க்கவேண்டிய கணி முன்னால் நிறுத்தலாம் என்று ஆசை ஆசையாகப் போனேன். அவள் போர்வைக்குள்ளிருந்து, "தாத்தா, நான் கணி பார்த்தாச்சே! பாலக்காட்டுத் தாத்தா போட்டோ அனுப்பியிருக்கார், சூப்பர்!" என்கிறாள். அடுத்த அறையில் மகனும் மருமகளும் உங்களுக்குக் கைகூப்பிய பொம்மை அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள்.

நான் கேட்கிறேன், உங்கள் கணியை உங்கள் வீட்டோடு வைத்துக்கொள்ளக் கூடாதா? நான் வைத்த கணியை ஒரு கண்ணும் முதலில் பார்க்கவில்லையே! இந்த வருஷம் எங்களுக்கு வரவேண்டிய நல்லதெல்லாம் இனி எந்த வீட்டுக்குப் போகும்? அதுவும் உங்கள் வெள்ளரிக்காய் வாடல். நான் பெரிதாக்கிப் பார்த்தேன்.

சாப்பாட்டிலாவது நாலு வார்த்தை பேசலாம் என்றால், ஸாதனா இலையைப் படம் எடுக்கிறாள், கோவிந்த் போனை நீட்டுகிறான், அதில் வீடியோவில் அக்கா வந்து, பாயசத்தை எட்டிப் பார்த்து, "பிரதமன்ல தேங்காய்க்கொத்து போடலையாடா?" என்று விசாரிக்கிறாள். எதிரே உட்கார்ந்து, "மோர் யாருக்கு?" என்று கேட்டுக் கேட்டு, கடைசியில் எனக்கு நானே ஊற்றிக்கொண்டேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது. "எல்லாப் போனையும் கொண்டுபோய்க் காயல்ல போடுங்கோ! இங்கே ஒரு மனுஷன் உட்கார்ந்திருக்கேன்!" என்று கத்திவிட்டு, அறைக்குள் வந்து தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு இதை எழுதுகிறேன். என் ஆத்துக்காரி கங்கா வந்து கதவைத் தட்டினாள். "எழுதிண்டிருக்கேன், தொந்தரவு பண்ணாதே" என்றேன். பேத்தியும் கூப்பிட்டாள். "அப்புறம்டீ கண்ணா" என்றேன். மனதில் உள்ளதைக் கொட்டாமல் எழுந்திருப்பதாக இல்லை.

அக்காவுக்கு என் நமஸ்காரம். பகவதி உங்கள் இருவருக்கும் தீர்க்காயுசு தரட்டும். உங்கள் போனுக்கு வேண்டாம்.

இப்படிக்கு,
வெங்கிட்டு

பின்குறிப்பு: கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தால் வீட்டில் ஒருவரும் இல்லை. மேஜைமேல் எல்லார் போனும் கிடக்கிறது. அடுத்த வீட்டு சுதீர் மதில்மேல் எட்டிப் பார்த்து, "சாமி, அவரெல்லாம் போட் ஜெட்டிக்குப் போயி. போனே வேண்டா, தாத்தாகூட போட்ல போகணும்னு மோள் ஒரே பிடிவாதம். எத்தனை தடவை விளிச்சு! சாமி கதவே தொறக்கலையே" என்கிறான். கூப்பிட்டு நிற்கச் சொல்லலாம் என்றால், யாரிடம் போன் இருக்கிறது? தபாலாபீஸ் வேறு எதிர்த்திசையில். ஆகவே இந்தக் கடிதத்தைப் போட்டோ எடுத்துக் குடும்பக் குரூப்பில் போட்டுவிட்டுப் படகுத்துறைக்கு ஓடுகிறேன். பதில் போடவேண்டாம். என் போனும் மேஜைமேல்தான் இருக்கும்.